தோளுக்கு வரும் கணக்கு

துப்பாக்கிக் கணக்கு போடாமல் பதினோராம் வகுப்பு இயற்பியலைக் கடந்தவர்கள் தமிழ்நாட்டில் அதிகம் இருக்க மாட்டார்கள். துப்பாக்கியின் நிறை இவ்வளவு, குண்டின் நிறை இவ்வளவு, குண்டு பாயும் வேகம் இவ்வளவு. துப்பாக்கி பின்னோக்கி நகரும் திசைவேகம் காண்க. மேலநீலிதநல்லூர் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் கல்லூரி மாணவர் யாரிடம் கொடுத்தாலும் அரை நிமிடத்தில் விடை வந்துவிடும். விடைக்கு அடியில் இரட்டைக் கோடு போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவார். அந்த வேகத்தில் கிளம்பிய துப்பாக்கி எங்கே போய் நிற்கிறது? ஒரு மனிதரின் தோளில். பாடநூல் கேட்காமல் விட்ட அந்தக் கேள்வியைத்தான் இந்த அத்தியாயத்தில் எடுத்துக்கொள்கிறோம்.

அந்தக் கல்லூரி இருக்கும் கரிசல் காட்டுக்குத் துப்பாக்கி புதிதல்ல. சங்கரன்கோவிலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் நெற்கட்டும்செவலில், பாளையக்காரர் பூலித்தேவரின் கோட்டையை 1755-இல் ஆங்கிலேயக் கர்னல் ஹெரான் தாக்கினார். பிடிக்க முடியாமல் திரும்பினார். அக்காலத்து ஆங்கிலேயக் காலாட்படையின் பெயர்பெற்ற துப்பாக்கி ‘பிரவுன் பெஸ்’ மஸ்கெட். எடை நாலரைக் கிலோவை ஒட்டி இருக்கும். அது துப்பிய ஈயக் குண்டு 30 கிராமுக்குச் சற்று அதிகம். இன்று உரிமம் பெற்ற ஒருவர் கையில் வைத்திருக்கும் 12 போர் துப்பாக்கியின் தோட்டாவிலும் ஈயம் ஏறத்தாழ அவ்வளவுதான். குழலை விட்டு வெளியே போவது இரண்டரை நூற்றாண்டில் பெரிதாக மாறவில்லை. அதைத் தாங்கும் தோளும் மாறவில்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் துப்பாக்கிதான் மெலிந்திருக்கிறது. தோளில் பதியும் அதன் கட்டை மரத்திலிருந்து பிளாஸ்டிக்குக்கு வந்திருக்கிறது.

தென் மாவட்டங்களில் உரிமத் துப்பாக்கி என்றால் பெரும்பாலும் நினைவுக்கு வருவது இரட்டைக் குழல் 12 போர். ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று வங்கி வாசலில் காவலுக்கு நிற்பவரின் தோளில் தொங்குவது அது. தேர்தல் அறிவிப்பு வந்ததும் காவல் நிலையத்தில் ஒப்படைக்கப்பட்டு, முடிவு வந்தபின் வீடு திரும்புவதும் அதுவே. 1959-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, தற்காப்புக்கும் விளையாட்டுக்கும் 20 அங்குலத்துக்குக் குறையாத குழலுள்ள, உள்ளே வரிப்பள்ளம் இல்லாத துப்பாக்கியையும், பயிர்க் காவலுக்கு வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. (மக்காச்சோளத்தில் காட்டுப்பன்றி இறங்கினால் அதைச் சுடுவது இன்று வனத்துறையின் வேலை, விவசாயியின் வேலை அல்ல.) இந்தத் துப்பாக்கிகளைப் பிடித்தவர்கள் எல்லோரும் ஒரே சொல்லைத்தான் சொல்வார்கள்: ‘உதைக்கும்’.

எவ்வளவு உதைக்கும்? ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால், அதில் ஓர் உருண்டை சரியாக நுழையும் குழல்தான் 12 போர். விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர். வழக்கமான ஒரு தோட்டாவில் 32 கிராம் சிறு ஈயக் குண்டுகள், அவற்றை ஏந்திச் செல்லும் 3 கிராம் பிளாஸ்டிக் குப்பி, ஒன்றரைக் கிராமுக்குச் சற்று அதிகமான மருந்து இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஈயமும் குப்பியும் வினாடிக்கு 380 மீட்டர் வேகத்தில் வெளியேறுகின்றன. மருந்து எரிந்து உண்டான வாயு அதைவிட வேகமாகப் பாய்கிறது. நிறையை வேகத்தால் பெருக்கி எல்லாவற்றையும் கூட்டினால் முன்னோக்கிச் செல்லும் உந்தம் ஏறத்தாழ 14 நியூட்டன் வினாடி. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி அதே 14 பின்னோக்கியும் உண்டு.

துப்பாக்கி 3.5 கிலோ என்றால் அது வினாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் பின்னால் வரும். இயக்க ஆற்றல் 28 ஜூல். அதே தோட்டாவை 2.8 கிலோ துப்பாக்கியில் போட்டால் வேகம் 5 மீட்டர், ஆற்றல் 35 ஜூல். எடையில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தோம்; உதையின் ஆற்றல் கால் பங்கு கூடிவிட்டது. இலேசான துப்பாக்கி அதிகம் உதைக்கும் என்ற பழைய அனுபவத்துக்கு எண் வடிவம் இதுதான்.

பிரிட்டிஷ் துப்பாக்கிக் கலைஞர் டபிள்யூ. டபிள்யூ. கிரீனர் 19-ஆம் நூற்றாண்டிலேயே இதற்கு ஓர் எளிய விதியை வைத்திருந்தார்: துப்பாக்கியின் எடை, அது சுடும் ஈயத்தின் எடையைப் போல 96 மடங்கு இருக்க வேண்டும். 32 கிராமுக்கு அது 3 கிலோவைச் சற்றுத் தாண்டுகிறது. நம்முடைய 2.8 கிலோ துப்பாக்கி அந்த எல்லைக்குக் கீழே விழுந்துவிடுகிறது.

அப்படியிருக்க, இலேசான பிளாஸ்டிக் கட்டை போட்ட துப்பாக்கியை ‘உதை குறைவு’ என்று சொல்லி விற்கிறார்களே, அது பொய்யா? பொய் இல்லை. ஆனால் அது எங்கே உண்மையாகிறது என்று பார்க்க, கட்டைக்குள்ளேயே போக வேண்டும்.

முதலில் ஒரு வியப்பு. வால்நட் மரத்தைவிடப் பிளாஸ்டிக் கனமானது. நல்ல கட்டைக்குப் பயன்படும் காய்ந்த வால்நட் மரம் ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.65 கிராம் அளவில் இருக்கும், தண்ணீரில் மிதக்கும். கண்ணாடி இழை 30 விழுக்காடு கலந்த நைலான் ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.37 கிராம், தண்ணீரில் மூழ்கிவிடும். பிளாஸ்டிக் கட்டை இலேசாக இருப்பதற்குக் காரணம் அந்தப் பொருள் அல்ல, உள்ளே இருக்கும் வெற்றிடம். வார்ப்பில் மெல்லிய சுவராக ஊற்றி எடுக்கிறார்கள், நடுவில் காற்றுதான். தட்டிப் பார்த்தால் டொக்கென்று ஒலிக்கும். மரத்தை இவ்வளவு மெல்லிய சுவராகக் குடைந்தால் இழையோடு பிளந்துவிடும்.

இந்த வழியில் பெயர்பெற்ற தொடக்கம் ரெமிங்டன் நிறுவனம் 1959-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ‘நைலான் 66’. டூபாண்ட் நிறுவனத்தின் நைலானில் வார்த்த கட்டை. ஆனால் அது 0.22 அங்குல ரைஃபிள். உதை என்று சொல்லவே ஒன்றுமில்லாத துப்பாக்கி. மரத்துக்குப் பதில் பிளாஸ்டிக் தாங்குமா என்பதுதான் அன்றைய கேள்வி. தாங்கும் என்று தெரிந்தது. மழையில் ஊறி உப்புவதில்லை, வெயிலில் முறுக்கிக்கொள்வதில்லை. குற்றாலச் சாரல் அடிக்கும் மாதங்களில் மரக்கட்டையை எண்ணெய் தடவிப் பாதுகாப்பவருக்கு இதன் அருமை தெரியும். உதையைக் குறைக்க இந்தப் பொருளைப் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் அதற்குப் பிறகு வளர்ந்தது.

இப்போது தோளுக்கு வருவோம். இங்கே பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. துப்பாக்கி 3.5 கிலோவானாலும் 2.8 கிலோவானாலும் தோள் வாங்க வேண்டிய கணத்தாக்கு அதே 14 நியூட்டன் வினாடிதான். எந்த ரப்பரும், எந்தப் பிளாஸ்டிக்கும், எந்தச் சுருள்வில்லும் அதில் ஒன்றைக்கூடக் கழிக்க முடியாது. உந்த அழிவின்மை விதி சலுகை காட்டாது. ஆனால் கணத்தாக்கு என்பது விசையையும் காலத்தையும் பெருக்கியது. பெருக்குத்தொகை மாறாது, அதை எந்த இரண்டு எண்களாகப் பிரிப்பது என்பது நம் கையில் இருக்கிறது. விசையைக் குறைக்க வேண்டுமா, காலத்தை நீட்ட வேண்டும். வலி தெரிவது விசையில்.

எண்ணிலேயே பார்க்கலாம். பித்தளைத் தகடு அடித்த பழைய மரக்கட்டை. துப்பாக்கியின் எடை 3.5 கிலோ. தோளும் தசையும் சேர்ந்து 3 சென்டிமீட்டர் பின்வாங்கி அதை நிறுத்துகின்றன என்று கொள்வோம். 28 ஜூல் ஆற்றலை 3 சென்டிமீட்டரில் தீர்க்கச் சராசரியாக 930 நியூட்டன் விசை வேண்டும். நடக்கும் நேரம் 15 மில்லிவினாடி. அதே தகட்டோடு 2.8 கிலோ துப்பாக்கி: விசை 1,170 நியூட்டனுக்கு ஏறுகிறது, நேரம் 12 மில்லிவினாடியாகச் சுருங்குகிறது. அடுத்து, அந்த இலேசான துப்பாக்கியின் முனையில் ஒன்றரைச் சென்டிமீட்டர் அமுங்கிக் கொடுக்கும் ஒரு பகுதியைச் சேர்ப்போம். மொத்தம் நாலரைச் சென்டிமீட்டரில் 35 ஜூல் தீர்ந்தால் போதும். விசை 780 நியூட்டன், நேரம் 18 மில்லிவினாடி.

ஆற்றல் அதிகமான இலேசான துப்பாக்கி, ஆற்றல் குறைவான கனத்த துப்பாக்கியைவிடத் தோளை மென்மையாகத் தொடுகிறது. ஒன்றரைச் சென்டிமீட்டர் 700 கிராமை வென்றுவிட்டது. இந்த அத்தியாயத்தில் எனக்கு மிகப் பிடித்த எண்கள் இவை. மில்லிவினாடிகளில் நடப்பதை மனம் தனித்தனியாக உணர்வதில்லை. ஆனாலும் பன்னிரண்டுக்கும் பதினெட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தோள் துல்லியமாக உணர்கிறது.

சராசரி விசையோடு கதை முடியவில்லை. தசை, ஒரே சீராக எதிர்த்து நிற்கும் பொருள் அல்ல. தொடக்கத்தில் விட்டுக்கொடுக்கும், எலும்பை நெருங்க நெருங்க இறுகும். அதனால் உச்ச விசை சராசரியைவிட மிக அதிகமாகிறது. கன்றிப்போவது அந்த உச்சத்தால்தான். மிகவும் மென்மையான ரப்பர் போட்டால் தொடக்கத்திலேயே முழுக்க அமுங்கி, மிச்ச வேலையை எலும்பிடம் விட்டுவிடும். மிகவும் கடினமானது அமுங்கவே அமுங்காது. நல்ல பேட் (கட்டைமுனையில் ஒட்டும் அந்த அமுங்கும் பகுதி) தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஏறத்தாழ ஒரே அளவு எதிர்ப்பைக் கொடுக்க வேண்டும். உள்ளே குறுக்குச் சுவர்களும் இடைவெளிகளும் வைத்து வார்ப்பது அதற்காக. அமுங்கியபின் வில்லைப்போல உடனே திருப்பி உதைக்கவும் கூடாது. வாங்கிய ஆற்றலைத் தனக்குள் வெப்பமாகக் கரைத்துவிட வேண்டும். பாலியூரித்தேன் வகைகளில் சில இதைச் சிறப்பாகச் செய்கின்றன. நம் வெயிலிலும் துப்பாக்கி எண்ணெயிலும் சாதாரண ரப்பர் சில வருடங்களில் கல்லாக இறுகிவிடுவதை இங்கே சொல்லியாக வேண்டும். பழைய துப்பாக்கியின் பேட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். நகம் பதியவில்லை என்றால் அது வெறும் அலங்காரம்.

பேட்டை மரக்கட்டையிலும் ஒட்டலாமே, பிளாஸ்டிக்கால் என்ன தனிப் பயன் என்று கேட்கத் தோன்றும். சரியான கேள்வி. பயன், கட்டையையே அமுங்க வைக்கலாம் என்பதில் இருக்கிறது. இத்தாலியின் பெனெல்லி நிறுவனம் ‘கம்ஃபர்டெக்’ என்ற பெயரில் செய்வது இதைத்தான். கட்டையின் மேல்விளிம்பின் பின்பகுதியிலிருந்து கைப்பிடிக்குப் பின்புறம்வரை சாய்வாகக் கட்டையைப் பிளந்து, பிளவில் அம்புமுனை வடிவ ரப்பர்த் துண்டுகளைப் பதித்திருக்கிறார்கள். உதை வரும்போது கட்டை சற்றே வெளிப்புறம் புடைத்து நீளத்தில் குறுகுகிறது. மரத்தை இப்படி வெட்டினால் அடுத்த வெடியில் இரண்டாகிவிடும். இழை கலந்த நைலான் வளைந்து மீளும். பெரெட்டா நிறுவனம் வேறு வழியில் போனது: ‘கிக்-ஆஃப்’ அமைப்பில் கட்டைக்குள் எண்ணெய் நிறைந்த சிறு உருளைகளை வைத்து, அவற்றின் வழியே உதையைக் கடத்துகிறது. வெற்றிடம் உள்ள கட்டைதான் இதற்கெல்லாம் இடம் தருகிறது. எடையைப் பிடுங்கிக்கொண்ட வெற்றிடமே நேரத்தைத் திருப்பிக் கொடுக்கும் கருவிகளுக்கு வீடாகிறது.

துப்பாக்கியின் இயக்கமுறையும் இதில் பங்கெடுக்கும். திருச்சிராப்பள்ளி துப்பாக்கித் தொழிற்சாலை, 1966 முதல் இயங்குவது, 12 போர் பம்ப் ஆக்‌ஷன் துப்பாக்கியையும் செய்திருக்கிறது. அந்த வகையிலும் இரட்டைக் குழலிலும் வெடிக்கும்போது பின்புறம் கெட்டியாகப் பூட்டியிருக்கும்; உதை முழுவதும் ஒரே தவணையில் வருகிறது. 1963-இல் வந்த ‘ரெமிங்டன் 1100’ போன்ற, வாயுவால் தானே அடுத்த தோட்டாவை ஏற்றும் துப்பாக்கிகளில் உள்ளே ஒரு கனமான பகுதி தனியாகப் பின்னோக்கி ஓடித் தாமதமாக வந்து முட்டுகிறது. கணத்தாக்கு அதேதான், இரண்டு தவணையாக வருகிறது. உதை குறைந்த துப்பாக்கி என்று அது பெயர் வாங்கியது இதனால்தான்.

காலத்துக்கு அடுத்தபடி பரப்பு. 12 சென்டிமீட்டர் உயரமும் 4 சென்டிமீட்டர் அகலமும் உள்ள கட்டைமுனை முழுவதும் தோளில் பதிந்தால் 48 சதுர சென்டிமீட்டர் விசையைப் பங்கிட்டுக்கொள்ளும். முனையின் சாய்வு உங்கள் மார்புக்குப் பொருந்தாமல் அடி நுனி மட்டும் பட்டால் பத்துச் சதுர சென்டிமீட்டர்கூடத் தேறாது. அழுத்தம் ஐந்து மடங்கு. துப்பாக்கி அதே, தோட்டா அதே, மறுநாள் நீலம் பாரித்த தோள் மட்டும் வேறு. தோளோடு அணைத்துப் பிடிக்காமல் இடைவெளி விட்டுச் சுடுபவருக்கு இன்னும் மோசம்: துப்பாக்கி முழு வேகத்தையும் எட்டியபின் காறை எலும்பில் வந்து மோதும். அணைத்துப் பிடித்தால் தொடக்கத்திலிருந்தே உடம்பும் சேர்ந்து நகரும். 70 சென்டிமீட்டர் குழலை விட்டு ஈயம் வெளியேறுவதற்குள் துப்பாக்கி ஏற்கெனவே 7 மில்லிமீட்டர் பின்னால் வந்துவிட்டிருக்கும் என்பதை நினைவில் வைத்தால், ‘பிறகு பிடித்துக்கொள்ளலாம்’ என்பதற்கு நேரமே இல்லை என்று புரியும்.

கன்னத்தை மறந்துவிடக் கூடாது. குழலின் கோடு தோளுக்கு மேலே இருக்கிறது. தோள் கீழே தாங்குகிறது. இந்த இடைவெளி ஒரு திருப்புவிசையாகி, குழலின் வாயை மேலே தூக்குகிறது. கட்டையின் மேல்விளிம்பு கன்ன எலும்பில் இடிக்கிறது. கட்டை எவ்வளவு கீழ்நோக்கி வளைந்திருக்கிறதோ அவ்வளவு இடி. தோளில் 900 நியூட்டனைப் பொறுப்பவர்கள் கன்னத்தில் அதில் சிறு பங்கைக்கூடப் பொறுக்க மாட்டார்கள். அங்கே சதை குறைவு. நேரான கட்டையும், கன்னம் பதியும் இடத்தில் மென்மையான ஒரு பட்டையும் இதைத் தணிக்கும்.

விளையாட்டில் சுடுபவர்கள் இந்த நுணுக்கங்கள் எல்லாவற்றையும் உயிராகக் கருதுகிறார்கள். 2023-இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஆடவர் டிராப் (பறக்கும் தட்டைச் சுடும் போட்டி) அணிப் பிரிவில் இந்தியா தங்கம் வென்றது. கைனன் செனாய், ஜோராவர் சிங் சந்து ஆகியோருடன் அந்த அணியில் இருந்தவர் புதுக்கோட்டையின் பிருத்விராஜ் தொண்டைமான். தகுதிச் சுற்றில் ஒருவர் 125 களிமண் தட்டுகளைச் சந்திக்கிறார். தட்டு ஒன்றுக்கு இரண்டு தோட்டாக்கள்வரை சுடலாம். சர்வதேச விதி ஈயத்தை 24 கிராமுக்குள் கட்டுப்படுத்துகிறது. கிரீனரின் விதிப்படி 2.3 கிலோ துப்பாக்கியே போதும். ஆனால் டிராப் துப்பாக்கிகள் மூன்றரை முதல் நான்கு கிலோவரை இருக்கின்றன. 3.8 கிலோ என்று வைத்தால் உதையின் ஆற்றல் 17 ஜூல்தான்.

அமெரிக்க ராணுவத்தின் ஆயுதச் சோதனை விதிமுறையை இதோடு ஒப்பிடலாம். சுமார் 20 ஜூலுக்குக் குறைவாக உதைக்கும் ஆயுதத்தை ஒருவர் எத்தனை முறை வேண்டுமானாலும் சுடலாம். 20 முதல் 40 ஜூல்வரை ஒரு நாளுக்கு 200 முறை. நாம் மேலே பார்த்த இரண்டு துப்பாக்கிகளும் இரண்டாம் வகையில் விழுகின்றன. டிராப் வீரர் முதல் வகைக்குள் நிற்கிறார்.

அந்த வீரர் 250 தோட்டாக்களையும் சுட்டுத் தீர்த்தால் தோள் வாங்கிய மொத்த ஆற்றல் நாலாயிரத்துச் சொச்சம் ஜூல், அதாவது ஒரு கிலோ கலோரி. கால் கிராம் சீனியில் அவ்வளவு இருக்கிறது. மனிதரைக் களைக்க வைப்பது ஆற்றலின் அளவு அல்ல, அது வந்து சேரும் அவசரம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

களைப்பு தோளில் மட்டும் சேர்வதில்லை. 12 போர் வெடி 150 டெசிபெலைத் தொடும் சத்தம். சத்தமும் உதையும் ஒரே கணத்தில் வருவதால் மூளை இரண்டையும் ஒன்றாகவே பதிந்துகொள்கிறது. டிரிகரை இழுக்கும் முன்பே கண் இமைக்கும், தோள் முன்னோக்கிக் குதிக்கும், குறி தப்பும். காதடைப்பான் போட்டுக்கொண்டு சுடும்போது அதே துப்பாக்கி குறைவாக உதைப்பதாகப் பலர் சொல்வது கற்பனை அல்ல. கட்டையை மாற்றப் பணம் செலவழிக்கும் முன்பே இதைச் செய்யலாம்; செவியும் பிழைக்கும்.

கடைசியாகக் கட்டையின் நீளம். டிரிகரிலிருந்து கட்டைமுனைவரை 36, 37 சென்டிமீட்டர் என்பது வெளிநாட்டுத் தயாரிப்புகளில் வழக்கம். உயரமான, கை நீண்டவர்களை மனத்தில் வைத்துச் செய்தது. ஐந்தடி மூன்றங்குல உயரமுள்ள ஒருவர் அதைத் தூக்கினால் கட்டைமுனை தோள்குழியில் உட்காராமல் புஜத்துக்கு நழுவும். அங்கே பரப்பும் இல்லை, பின்னால் உடம்பின் எடையும் இல்லை. பெண்களுக்கு இந்தச் சிக்கல் இன்னும் அதிகம். புதிய பிளாஸ்டிக் கட்டைகள் சிலவற்றில் முனைக்கும் பேட்டுக்கும் இடையே மெல்லிய தகடுகளைச் சேர்த்தும் எடுத்தும் நீளத்தை மாற்றலாம். கன்னம் பதியும் உயரத்தையும் மாற்றலாம். பழைய மரக்கட்டைத் துப்பாக்கி வைத்திருப்பவர் பித்தளைத் தகட்டை எடுத்துவிட்டு இரண்டு சென்டிமீட்டர் பேட் ஒட்டினால் மட்டும் போதாது. மரத்தை அதே இரண்டு சென்டிமீட்டர் அறுத்துவிட்டு ஒட்ட வேண்டும். கை குட்டையானவர் என்றால் மூன்று சென்டிமீட்டர்.